அப்பா பிடித்த பந்துகள்

எங்கள் தமிழ்ச் சனத்திடம் அவனுடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. பேஸ்போல் பார்க்கிறவர்களிடம் சொன்னால் உடனே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்குவார்கள். மெல்பேர்னின் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு அமெரிக்காவின் பெரிய மைதானங்களில் ஆடியவன். மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வலது கையை முழுதாக நீட்டமாட்டான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பந்து கிட்ட வரும்வரை காத்திருந்து, இடுப்பைத் திருப்பி அடிப்பான். அந்த நிலையைப் பார்த்துப் பிள்ளைகள் பழகினார்கள். அது அவனுக்குப் பிறவியிலேயே வந்த பாணி என்று பத்திரிகையில் ஒருவர் எழுதியதை நான் வாசித்திருக்கிறேன்.

பிறவியில் வந்ததல்ல. அந்தக் கை நேராக இருந்த காலத்தில் நான் அடுத்த வீட்டில் இருந்தேன். அது கெட்டுப்போன நாளில் நான் பக்கத்தில்தான் நின்றேன். கெட்டுப்போனதில் எனக்கும் என் அப்பாவுக்கும் பங்கு இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் மெல்பேர்னின் ஓரத்தில் இருந்த ஸ்பிரிங்வேலுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. எழுபதுகளின் முற்பகுதி. இப்போது அங்கே போகிறவர்கள் காணும் கடைத்தெரு அன்று இல்லை. ஒரு புகையிரத நிலையம், ஒரு ரயில் கடவை, இறைச்சிக்கடை, பாண் கடை, பிறகு ஒரே மாதிரியான பலகை வீடுகள். அம்மா தாதி. அவவுடைய படிப்புக்காகத்தான் எங்களை இந்த நாட்டுக்குள்ளே விட்டார்கள். அப்பா ஊரில் நில அளவையாளராக இருந்தவர். இங்கே அந்தப் படிப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வார்த்து வரும் துண்டுகளை அளந்து பார்த்து, சரியானதை ஒரு பெட்டியிலும் பிழையானதை மற்றப் பெட்டியிலும் போடுகிற வேலை. வேலையால் வந்து குசினிக் கதிரையில் இருந்தால் சப்பாத்தைக்கூடக் கழற்றமாட்டார். அம்மா ஏதாவது கேட்டால் "ஓம்" அல்லது "இல்லை". வந்து ஒரு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு தகப்பனும் மகனும் இருந்தார்கள். தாய் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று தெருவில் சொன்னார்கள். தகப்பன் இறைச்சி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, மெதுவான குரல். யுத்த காலத்தில் மெல்பேர்னில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் சிறுவனாக இருந்தபோதே பேஸ்போல் பழகியவராம். அமெரிக்கா போகும் அளவுக்கு எறிந்தவராம். தோள்மூட்டு விட்டுவிட்டது. போகவில்லை. மகனுக்கு என்னைவிட ஒரு வயது கூட. மெலிந்தவன், மூக்கில் எப்போதும் தோல் உரிந்திருக்கும்.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலியில் சத்தம் தொடங்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகை வேலியில், தங்கள் பக்கத்தில் அந்த மனிதர் வெள்ளை மையால் ஒரு சதுரம் கீறியிருந்தார். பையன் தூரத்தில் நின்று அந்தச் சதுரத்துக்குள் எறியவேண்டும். எங்கள் பக்கத்தில் பலகை ஒவ்வொரு முறையும் அதிரும். அம்மா இரவு வேலைக்குப் போகிறவ, பின்னேரம்தான் நித்திரை கொள்ளுவா. தலையணையைக் காதில் பொத்திக்கொண்டு கிடப்பா. ஒருநாள் பலகை பிளந்து, பந்து எங்கள் வளவுக்குள் வந்து, அம்மா சட்டியில் வைத்திருந்த மிளகாய்க் கன்றை முறித்துவிட்டது.

அப்பா அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு கதைக்கப் போனார். கோபமாகத்தான் போனார். ஒரு மணித்தியாலம் ஆகியும் வரவில்லை. நான் பிளந்த பலகைக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். அப்பா வேலிக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் ஒரு பெரிய தோல் கையுறை. பையன் எறிய எறிய அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா பள்ளிக்கூட நாட்களில் விக்கெட் காப்பாளராக இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது வெறும் கதையாகத்தான் தெரியும். அன்றைக்கு உள்ளங்கை இரண்டும் சிவந்துபோய் வந்து, குசினித் தண்ணீர்க் குழாயின் கீழே கையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார்.

"என்ன எறி எறியிறான் தெரியுமோ! பந்து கடைசி நேரத்தில கீழ விழுது, கண்ணுக்குத் தெரியேல்ல."

"மிளகாய்க் கண்டைப் பற்றிக் கேட்டியளோ?" என்றா அம்மா.

அவர் கேட்டிருக்கவில்லை.

அதன்பிறகு அப்பா வேலையால் வந்ததும் சப்பாத்தை மாற்றிக்கொண்டு நேரே அடுத்த வீட்டுக்குப் போனார். சனிக்கிழமைகளில் காலையிலும் போனார். பையனுக்கு எங்கள் பெயர் வாயில் வரவில்லை. அப்பாவை 'மிஸ்டர்' என்று மட்டும் கூப்பிட்டான். சில நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து சோறும் பருப்பும் சாப்பிடுவான். தன் வீட்டில் பேசாதவன், அப்பாவோடு எறியும் முறைகளைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் விரலால் காட்டிக் காட்டிக் கதைப்பான். அப்பா ஆங்கிலத்தில் இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான்.

எனக்கு அவன்மேல் எரிச்சல் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. தவறிப்போகும் பந்துகளை ஓடிப்போய் எடுத்து வருவது என் வேலை. ஒருநாள் அந்தக் கையுறையைக் கேட்டேன், நானும் பிடித்துப் பார்க்கிறேன் என்று. "உனக்குக் கை நோகும், பிள்ளை. நீ அங்கால நில்" என்றார் அப்பா. என்னோடு அவர் எதையும் விளையாடியதில்லை.

அந்த வளவில் துணி காயப்போடும் கம்பியில் எப்போதும் துணிக் கிளிப்புகள் கொழுவியிருக்கும். முதலில் எனக்கு அது ஏன் என்று தெரியவில்லை. பிறகு பார்த்தேன். பந்து சதுரத்துக்கு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் ஒரு கிளிப்பை ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிக்கு மாற்றினார். சத்தம் போடமாட்டார், திட்டமாட்டார். முடிவில் மாறியிருந்த கிளிப்புகளைப் பார்ப்பார். பிறகு இருவரும் உள்ளே போவார்கள், பின்கதவு சாத்தப்படும். எத்தனை கிளிப்போ அத்தனை முறை இடுப்புவாரின் சத்தம் கேட்கும். பையன் அழும் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பாவுக்கும் இது தெரிந்திருந்தது. அவர் செய்த ஒரு காரியத்தை நான் கண்டுபிடித்தேன். வெளியே போகும் பந்தைப் பிடித்த அந்த நொடியிலேயே கையுறையை மெல்ல உள்ளே இழுத்து, சதுரத்துக்குள் பிடித்ததுபோல் வைத்துக்கொள்வார். ஒரு பின்னேரத்தில் இப்படி ஐந்தாறு அடியாவது மிச்சம் பிடித்துக் கொடுத்திருப்பார். அந்த மனிதர் அதைக் கவனித்தாரா தெரியாது. கவனித்திருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா எல்லாவற்றையும் ஒரே பேச்சில் முடிக்கப் பார்த்தா.

"பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லுவம். இல்லாட்டிப் பொலிசில சொல்லுவம். நான் ஆஸ்பத்திரியில எவ்வளவைப் பாக்கிறன். இதுகளை விடக்கூடாது."

"நாங்கள் நேற்று வந்தாக்கள்" என்றார் அப்பா. "அவங்கட வீட்டு விஷயத்தில தலையிட்டு, நாளைக்கு இந்தத் தெருவில எப்பிடி இருக்கிறது? நீர் கொஞ்சம் பேசாமல் இரும். நான் பக்கத்தில நிக்கிறபடியால்தான் இந்தளவோட போகுது."

அதில் உண்மையும் இருந்தது. அதனால்தான் அம்மாவால் மேலே பேச முடியாமல் போனது.

அவனுக்குப் பதின்மூன்று வயதான குளிர்காலத்தில், மாநிலத்தின் சிறுவர் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் போட்டி வந்தது. அந்தக் காலத்தில் மெல்பேர்னில் பேஸ்போலைக் குளிர்காலத்தில்தான் பெரும்பாலும் ஆடுவார்கள், சேறும் காற்றுமாக இருக்கும். தெரிவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது எறிதல் இரண்டு மடங்காகியது. காலையில் பள்ளிக்கூடம் போகமுன்னும் வேலியில் சத்தம் கேட்டது.

தெரிவுக்கு மூன்று நாள் முன்பு அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது கரண்டியை இடது கையால் பிடித்திருந்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மேலே மடித்துவிடச் சொன்னா. முழங்கையின் உட்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. அம்மா விரல் வைத்ததும் அவன் கதிரையோடு பின்னால் போனான்.

அம்மா அவன் முன்னாலேயே, தமிழில், அப்பாவிடம் சொன்னா.

"இஞ்சாருங்கோ, இதைப் பாருங்கோ. எலும்பு வளருற இடம் இது. இப்பிடியே எறிஞ்சானெண்டால் இந்தக் கை பிறகு நிமிராது. எறியவிடாதேங்கோ."

"தகப்பனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"சொல்ல வேண்டாம். நீங்கள் பிடிக்கப் போகாதேங்கோ. பிடிக்க ஆளில்லாட்டி எப்பிடி எறியிறது?"

"நான் போகாட்டி வேலிக்கு எறிவான். அது இன்னும் கூடாது."

ஆனாலும் அப்பா அன்றைக்கே போய்ச் சொல்லிப் பார்த்தார். நான் வேலியருகில் நின்று கேட்டேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் வலித்தது. வலி போய்விடும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் பையனை எப்படி வளர்ப்பது என்று எனக்குச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்டார். அதையும் மெதுவான குரலில்தான் கேட்டார். அப்பா திரும்பி வந்து குசினிக் கதிரையில் இருந்தார். 

தெரிவு சனிக்கிழமை நடந்தது. அம்மாவுக்கு அன்றைக்கு இரவு வேலை இல்லை, காலை வேலை. போய்விட்டா. அப்பா கடைக்கு மீன் வாங்கப் போயிருந்தார். நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பையன் வேலியில் ஏறி எங்கள் பக்கம் குதித்தான். காலில் சப்பாத்து இல்லை.

"பன்னிரண்டு மணி வரைக்கும் என்னை எங்கேயாவது ஒளித்து வை" என்றான். "பன்னிரண்டுக்குப் பிறகு பெயர் எடுக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு நான் போய்விடுவேன்."

"ஏன்?"

அவன் கையை நீட்டிக் காட்டப் பார்த்தான். முழுதாக நீட்ட முடியவில்லை.

எங்கள் வளவில், வீட்டைவிட்டுத் தள்ளி, உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருந்தது. தகரக் கூரை, சீமெந்துத் தொட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் பழைய செம்பு அண்டா. அவனை அந்த அண்டாவுக்குப் பின்னால் இருக்கச் சொல்லி, மேலே ஒரு படுக்கைவிரிப்பைப் போட்டேன். கதவைச் சாத்தினேன். எனக்கு அப்போது அவன்மேல் இருந்த எரிச்சல் இல்லை. ஒரு பெரிய காரியம் என் கையில் வந்ததுபோல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய தகப்பன் எங்கள் பக்கக் கேற்றடியில் வந்து நின்றார். குளித்துத் தலை சீவி, தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"பையன் இங்கே இருக்கிறானா?"

"இல்லை" என்றேன்.

அவர் போகவில்லை. என்னையும் பார்த்து, வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து அப்பா மீன் பையோடு வந்து சேர்ந்தார். அந்த மனிதர் அவரிடமும் அதையே கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ இருக்கிறது என்று விளங்கிவிட்டது.

"பிள்ளை" என்றார் தமிழில். "அவன் இஞ்ச நிக்கிறானோ?"

நான் கையிலிருந்த ஈர உடுப்பைக் கம்பியில் போட்டேன்.

"அவருக்கு எங்கட பாஷை விளங்காது. எனக்கு மட்டும் சொல்லு."

எனக்கு மட்டும் சொல்லு. அப்பா என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலம். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அந்தப் பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே இருக்கப்போகிறது. சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

"தோய்க்கிற அறைக்குள்ள நிக்கிறான், அப்பா. பன்னிரண்டு மணி மட்டும் ஒளிச்சிருக்கப் போறானாம். கை நோகுதாம். நீட்ட ஏலாதாம்."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை நான் சரியாகப் பார்த்தேனா என்று இன்றுவரைக்கும் என்னையே கேட்டு வந்திருக்கிறேன். பார்த்தார். பத்தேகால் இருக்கும். பிறகு நிமிர்ந்து, ஆங்கிலத்தில், "அந்த அறைக்குள் இருக்கிறான்" என்றார்.

பல வருடம் நான் இதற்குக் காரணம் தேடினேன். பயம் என்று நினைத்தேன். பொய் சொல்லப் பழகாத மனிதர் என்றும் நினைத்தேன். இப்போது நினைப்பது வேறு. அவன் அந்த அணிக்குத் தெரிவாவதைப் பார்க்க அப்பா ஆசைப்பட்டார். இந்த நாட்டில் அவர் கை வைத்து உருப்பட்ட காரியம் அது ஒன்றுதான். பன்னிரண்டு மணிக்குள் போய்விடலாமா என்றுதான் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த மனிதர் அவனை அடிக்கவில்லை. அறைக்குள் போய், பிடரியில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கடந்து போகும்போது பையன் என்னைத்தான் பார்த்தான். அப்பாவைப் பார்க்கவில்லை.

"நன்றி, நண்பா" என்றார் தகப்பன் அப்பாவிடம். அப்படி அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. "கையுறையை எடுத்துக்கொண்டு வா. தெரிவுக்கு முன்னால் எறிந்து உடம்பைச் சூடாக்க அவனுக்கு ஆள் வேண்டும்."

அப்பா மீன் பையைக் குசினிப் படியில் வைத்துவிட்டு, "நீயும் வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மைதானத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. முதலில் ஓரமாக நின்று அப்பாவுக்கு எறிந்தான். பத்துப் பன்னிரண்டு பந்து. அப்பா ஒவ்வொன்றையும் பிடித்துவிட்டு, "நல்லது, நல்லது" என்று திருப்பிப் போட்டார். பிறகு பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எறிந்ததை நான் என்னவென்று சொல்ல? முதல் மூன்று பிள்ளைகளும் பந்தைத் தொடவே இல்லை. மட்டையைச் சுழற்றிவிட்டு, போன பந்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரிவு செய்ய வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் தன் தாளில் ஏதோ எழுதிக் கீழே கோடு போட்டார். அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். நோகும் அளவுக்கு.

நாலாவது பிள்ளைக்கு எறிந்தபோது பந்து அவனுடைய காலடியிலேயே விழுந்தது. அவன் முழங்கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். அழவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது.

"எடு" என்றார் தகப்பன் வெளியிலிருந்து. "எடுத்து எறி."

அவன் குனிந்து இடது கையால் எடுத்தான். வலது கையில் வைக்கப் பார்த்தான். விரல்கள் மூடவில்லை. பந்து திரும்பவும் விழுந்தது. திரும்பவும் குனிந்தான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெரிவாளர்களில் ஒருவர், எங்களுக்கு முன்பின் தெரியாத வயதான மனிதர், சேற்றுக்குள்ளால் நடந்துபோய்ப் பந்தை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். பையன் நாலடி நடந்துபோய் வாந்தி எடுத்தான்.

அம்மா மூன்று மணிக்கு வேலையால் வந்தபோது மீன் படியிலேயே கிடந்து நாறிப்போயிருந்தது. "என்ன நடந்தது?" என்று என்னைத்தான் கேட்டா. நான் சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவ உடுப்பு மாற்றவில்லை. தாதிச் சீருடையோடேயே அடுத்த வீட்டுக்குப் போனா. தகப்பன் குசினி மேசையில் தனியாக இருந்தாராம். தடுக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. அம்மா பையனின் கையைத் தன்னுடைய சால்வையால் கழுத்தில் கட்டி, ரயிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. எலும்புத் துண்டு ஒன்று பிய்ந்து வந்திருந்தது. கையை வெட்டித் திறந்து, அந்தத் துண்டைத் திரும்பப் பூட்டினார்கள். ஆறு கிழமை கழித்துக் கட்டை அவிழ்த்தபோது கை முக்கால்வாசிக்குமேல் நிமிரவில்லை. பிறகும் நிமிரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுதும் அம்மா அப்பாவோடு தேவைக்கு மட்டும்தான் பேசினா. ஒரேயொரு நாள், எனக்கு முன்னால், "நான் சொன்னனான்தானே" என்றா. அப்பா, "ஓம்" என்றார்.

அடுத்த வீட்டில் அடி நின்றுவிட்டது. அதைவிடப் பொல்லாத ஒன்று தொடங்கியது. அந்த மனிதர் மகனோடு பேசுவதையே விட்டுவிட்டார். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் குடிக்கப் போய்விடுவார். கிளிப்புகள் மழையில் நனைந்து கம்பியிலேயே கறுத்துப்போயின.

அடுத்த வருடம் பையன் தானாகவே ஒரு பழைய டயரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, மட்டையால் அடிக்கத் தொடங்கினான். நிமிராத கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முதலில் கோணல்மாணலாக அடித்தான். யாரும் அவனை அடிக்கச் சொல்லவில்லை, யாரும் எண்ணவும் இல்லை. ஒரு பின்னேரம் அப்பா சப்பாத்தை மாற்றிக்கொண்டு வேலியடிக்குப் போனார்.

"பந்து போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், மிஸ்டர்" என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான். அடிப்பதை நிறுத்தவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

என்னோடு அவன் பேசவே இல்லை. ஒரே உயர்பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்தோம். ஒரே பஸ். என் பக்கத்தில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டு வருவான். அதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டான். தோள் அகன்றுவிட்டது. ஒரு கழகத்தில் சேர்ந்து ஆடினான். எறியவில்லை, அடித்தான். சிட்னியில் நார்த்மீட்டில் இருந்த தாயின் தமக்கை அவனைக் கூப்பிட்டா. அங்கே ஒரு பயிற்சியாளர் அவனைப் பார்த்திருந்தாராம். பதினாறு முடிந்ததும் புறப்பட்டான்.

புறப்பட்ட அன்று எங்கள் வீட்டுக்கு வந்தான். முன்வாசலுக்கு வரவில்லை. குசினிக் கதவடிக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். அப்பா உள்ளே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். எழும்பி வரவில்லை. அம்மா சாப்பாட்டுப் பொதி ஒன்று கட்டி என்னிடம் தந்து, "ஸ்டேசன் மட்டும் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா" என்றா.

இருவரும் நடந்தோம். கடவை மூடியிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"அன்றைக்கு உன் அப்பா உங்கள் மொழியில் உன்னிடம் என்ன கேட்டார்?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

"நீ இருக்கிறாயா என்று கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"இருக்கிறாய் என்று."

"அவ்வளவுதானா? அதைவிட நீளமாக இருந்தது. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்."

"பன்னிரண்டு மணிவரை ஒளிந்திருக்கப் போகிறாய் என்று சொன்னேன். கை வலிக்கிறது, நீட்ட முடியவில்லை என்றும் சொன்னேன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீட்ட முடியவில்லை என்றும் சொன்னாயா?"

"சொன்னேன்."

"அப்படியென்றால் அவருக்குத் தெரியும்."

"தெரியும்" என்றேன். "எறிந்தால் கை பிறகு நிமிராது என்று அம்மாவும் அதற்கு முன்னாலேயே எங்கள் மொழியில் சொல்லியிருந்தா."

ரயில் கடந்து போனது. 

"நீதான் என்று நினைத்திருந்தேன்" என்றான். "நீ காட்டிக்கொடுத்துவிட்டாய், அவர் ஒன்றும் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று. அவர் என் பந்துகளை உள்ளே இழுத்துப் பிடித்தது எனக்குத் தெரியும். அதனால், வீக்கத்தைப் பார்த்திருந்தாலும் இவ்வளவு மோசம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைத்தேன்."

கடவை திறந்தது. அவன் சாப்பாட்டுப் பொதியை வாங்கிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் கடவைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அவனுக்கு அந்தத் தெருவில் மிஞ்சியிருந்த ஒரேயொரு நல்ல நினைவை நான் எடுத்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. பொய் சொல்லியிருக்கவேண்டிய இரண்டு இடத்திலும் நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "என்னவாம்? ஏதும் சொன்னவனோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்ல, அப்பா" என்றேன்.

இரண்டு வருடத்தில் அவன் அமெரிக்கா போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். ஏதோ ஒரு சின்ன ஊர் அணியில் ஆடுகிறான் என்று அவனுடைய தகப்பன் குடிக்கப் போகும் இடத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாராம். தானே எறியக் கற்றுக்கொடுத்ததாகவும் சொன்னாராம். கடிதம் வந்ததா என்று அம்மா ஒருநாள் வேலியால் கேட்டா. "வரும்" என்றார்.

எழுபதுகள் முடிகிற வருடத்தில், வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து அந்த மனிதர் இறந்துபோனார். ஸ்பிரிங்வேலின் பெரிய மயானத்தில் இருக்கும் சிறு மண்டபத்தில் சடங்கு. அப்பா தொழிற்சாலையில் அரைநாள் லீவு எடுத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கோட்டைப் போட்டார். கைப்பக்கம் கட்டையாகிப் போயிருந்தது. மூன்று பேரும் போனோம்.

எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். மகன் வரவில்லை. அவனுடைய தாயின் தமக்கை சிட்னியிலிருந்து ஒரு பூவளையம் அனுப்பியிருந்தா, மகனுடைய பெயரையும் போட்டு. எல்லோரும் பின்வரிசைகளில் ஆளுக்கொரு பக்கமாக இருந்தோம். பாதிரியார் புத்தகத்தைத் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசை வெறுமையாக இருந்தது.

"குடும்பத்தவர்கள் முன்னால் வரலாமே" என்றார்.

யாரும் அசையவில்லை. இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிரியார் காத்துக்கொண்டு நின்றார்.

அப்பா எழும்பினார். அம்மா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தா. "உங்களுக்கு அங்க என்ன வேலை?" என்றா, பல்லுக்குள். அவர் அம்மாவின் கையை எடுத்துவிட்டு, நடுவழியால் நடந்துபோய், முன்வரிசையில் தனியாக இருந்தார். சடங்கு முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது மற்றவர்கள் வாசலில் வரிசையாக நின்று அவருடைய கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார்கள். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவும் இல்லை. அப்பா ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்து, நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டு நின்றார். நானும் அம்மாவும் கேற்றடியில் காத்திருந்தோம்.